சானடோரியத்திலிருந்து வீட்டுக்கு: காசநோய்ச் சிகிச்சையை மாற்றிய சென்னை ஆய்வு

முன்னுரை

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் செல்லும் மின்தொடர் வண்டியில் பயணம் செய்வோர், தாம்பரத்திற்கு முந்தைய நிலையத்தின் பெயரை நாள்தோறும் கேட்கின்றனர். அதன் பெயர் 'தாம்பரம் சானடோரியம்'. சானடோரியம் என்பது காசநோயாளிகள் மாதக்கணக்கில், சில வேளைகளில் ஆண்டுக்கணக்கில் தங்கிச் சிகிச்சை பெற்ற இடம் ஆகும். இன்று அந்தப் பொருளில் சானடோரியம் என்ற அமைப்பு உலகில் ஏறக்குறைய எங்கும் இல்லை. அது மறைந்ததற்கு முதன்மையான காரணங்களுள் ஒன்று, சென்னை நகரத்திலேயே 1956ஆம் ஆண்டு தொடங்கிய ஓர் ஆய்வு. காசநோய்க்கு மருத்துவமனைப் படுக்கை தேவையா, மருந்து போதுமா என்ற கேள்விக்கு அந்த ஆய்வு விடை கண்டது. அந்த விடை எவ்வாறு கிடைத்தது, அதனால் உலகம் அடைந்த பயன் என்ன, அது விட்டுச்சென்ற சிக்கல் என்ன என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

நோயும் அதன் பெயர்களும்

மூச்சு மண்டலத்தைத் தாக்கும் நோய்கள் பல. சளிக்காய்ச்சல், மூச்சுக்குழல் அழற்சி, நிமோனியா, ஆஸ்துமா ஆகியவை நாம் அடிக்கடி காண்பவை. இவற்றுள் நீண்ட வரலாறும் மிகுந்த உயிர்ச்சேதமும் கொண்டது காசநோய். தமிழில் இது சயரோகம், எலும்புருக்கி நோய் என்றும் வழங்கப்பட்டது. உடல் நாளுக்கு நாள் மெலிந்து எலும்பும் தோலுமாக ஆவதைக் கண்ட மக்கள், நோய் எலும்பையே உருக்குகிறது என்று எண்ணி அப்பெயரை இட்டனர்.

காசநோயை உண்டாக்குவது ஒரு பாக்டீரியா. நுரையீரல் காசநோய் உள்ளவர் இருமும்போதும் தும்மும்போதும் வெளிப்படும் நுண்துளிகள் காற்றில் மிதந்து, அடுத்தவரின் நுரையீரலை அடைகின்றன. கிருமி உடலில் நுழைந்த அனைவரும் நோயாளி ஆவதில்லை. பெரும்பாலோரின் உடல் அதனை அடக்கி வைத்துவிடுகிறது. உணவுக் குறைவு, நீரிழிவு, எச்.ஐ.வி. தொற்று போன்றவற்றால் எதிர்ப்பாற்றல் தளரும்போது, அடங்கியிருந்த கிருமி பெருகத் தொடங்கும். நுரையீரலின் மேற்பகுதியில் திசு அழிந்து குழிகள் தோன்றும். நீடித்த இருமல், மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, எடைக் குறைவு, சளியில் இரத்தம் ஆகியவை இதன் அறிகுறிகள்.

காசநோய் பரம்பரை நோய் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. ஒரே குடும்பத்தில் பலர் அடுத்தடுத்து இறந்தது அந்த நம்பிக்கையை வலுப்படுத்தியது. 1882 மார்ச் 24 அன்று, பெர்லின் நகரில் ராபர்ட் கோக் இந்நோய்க்குக் காரணமான கிருமியைத் தாம் கண்டறிந்ததை அறிவித்தார். அந்த நாளே இன்று உலகக் காசநோய் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. காரணம் தெரிந்துவிட்டது, ஆனால் மருந்து கிடைக்க மேலும் 60 ஆண்டுகளுக்கு மேல் ஆயின.

சானடோரியங்களின் காலம்

மருந்தில்லாத அந்த இடைக்காலத்தை நிரப்பியது சானடோரியம். செருமானிய மருத்துவர் ஹெர்மன் பிரெமர், 1850களில் சைலீசியாவின் மலைப்பகுதியில் காசநோயாளிகளுக்கென ஒரு சிகிச்சையகத்தைத் தொடங்கினார். தூய காற்று, ஓய்வு, சத்துணவு ஆகிய மூன்றுமே அங்கு மருந்து. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இம்முறை விரைந்து பரவியது. பின்னர் நோயுற்ற நுரையீரலுக்கு ஓய்வு தருவதற்காக, மார்பறைக்குள் காற்றைச் செலுத்தி அதனைச் சுருங்க வைக்கும் முறையும், விலா எலும்புகளை அகற்றும் அறுவைச் சிகிச்சையும் சேர்ந்துகொண்டன.

தென்னிந்தியாவில் இம்முறை கிறித்தவ மருத்துவப் பணியாளர்கள் வழியாக வந்தது. அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த மதனப்பள்ளிக்கு அருகில், ஆரோக்கியவரம் என்ற இடத்தில் பல சபைகள் சேர்ந்து அமைத்த சானடோரியம் 1915ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. டென்மார்க்கைச் சேர்ந்த மருத்துவர் கிறிஸ்டியன் ஃபிரிமோட் மோலர் அதனை நெடுங்காலம் நடத்தினார்.

தாம்பரம் சானடோரியத்தின் தொடக்கம் வேறு வகையானது. அதை 1928ஆம் ஆண்டு தொடங்கியவர் மருத்துவர் டேவிட் சௌரிமுத்து. இவர் அதற்கு முன் இங்கிலாந்தின் மெண்டிப் குன்றுப் பகுதியில் ஒரு சானடோரியத்தை நடத்தி வந்தவர். 1917ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜில் நோயுற்ற கணித மேதை இராமானுசன் சிறிது காலம் அங்கு சிகிச்சை பெற்றார். அவருக்குக் காசநோய் என்றே அன்று மருத்துவர்கள் கருதினர். கல்லீரலைத் தாக்கும் அமீபா நோயாக அது இருந்திருக்கலாம் என்பது பிற்கால ஆய்வாளர் ஒருவரின் கருத்து. தாம்பரம் சானடோரியம் 1937ஆம் ஆண்டு அரசின் கைக்கு மாறியது.

சானடோரியத்தில் இடம் பெறுவது எளிதன்று. வசதி படைத்தோர் வெளிநாடுகளுக்கும் சென்றனர். சவகர்லால் நேருவின் துணைவியார் கமலா நேரு, ஐரோப்பாவில் சிகிச்சை பெற்றும் பயனின்றி 1936ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் காலமானார். பெரும்பான்மை மக்களுக்கோ உள்ளூரிலும் இடமில்லை. சர் ஜோசப் போர் தலைமையிலான குழு 1946ஆம் ஆண்டு அளித்த அறிக்கையின்படி, இந்தியாவில் ஏறத்தாழ 25 இலட்சம் காசநோயாளிகள் இருந்தனர். ஆண்டுதோறும் 5 இலட்சம் பேர் இறந்தனர். அவர்களுக்கென இருந்த படுக்கைகள் ஏறக்குறைய 6,000 மட்டுமே. ஒரு படுக்கைக்கு நானூறு நோயாளிகளுக்கு மேல் என்பது இக்கணக்கின் பொருள். ஒருவர் பல மாதங்கள் தங்கவேண்டிய நிலையில், இந்த இடைவெளியைக் கட்டடங்களால் நிரப்ப ஒரு ஏழை நாட்டால் இயலாது.

மருந்துகள் வந்தன

1943ஆம் ஆண்டு அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில், செல்மன் வாக்ஸ்மனின் ஆய்வகத்தில் பணியாற்றிய ஆல்பர்ட் சாட்ஸ், மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசின் என்ற மருந்தைப் பிரித்தெடுத்தார். பிரித்தானிய மருத்துவ ஆய்வுக் கழகம் இதனை முறையாகச் சோதித்து, 1948ஆம் ஆண்டு முடிவுகளை வெளியிட்டது. ஆறு மாத இறுதியில், மருந்து பெற்ற 55 பேரில் 4 பேர் இறந்திருந்தனர். படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேர் இறந்திருந்தனர். யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதை மருத்துவரின் விருப்பத்திற்கு விடாமல், குலுக்கல் போன்ற தற்போக்கு முறையில் தீர்மானித்த தொடக்ககால ஆய்வுகளில் இது புகழ்பெற்றது.

அதே 1948ஆம் ஆண்டில்தான் தமிழ்ச் சிறுகதையின் முன்னோடியான புதுமைப்பித்தன் காசநோயால் தம் 42ஆம் வயதில் திருவனந்தபுரத்தில் இறந்தார். மருந்து உலகில் இருந்தது. ஆனால் அது எல்லோருக்கும் எட்டும் நிலையில் இல்லை.

ஸ்ட்ரெப்டோமைசின் தனித்துக் கொடுக்கப்பட்டபோது மற்றொரு சிக்கல் வெளிப்பட்டது. முதலில் நலமடைந்த பலர் மீண்டும் நோயுற்றனர். கோடிக்கணக்கான கிருமிகளுள் ஒரு சில, எந்த ஒரு மருந்துக்கும் இயல்பாகவே அடங்காதவையாக இருக்கும். மருந்து மற்றவற்றைக் கொல்ல, எஞ்சிய அவை பெருகிவிடும். இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால், இரண்டுக்கும் ஒருங்கே அடங்காத கிருமி இருக்கும் வாய்ப்பு மிகவும் குறைவு. ஸ்வீடனில் யோர்கன் லேமன் கண்ட பி.ஏ.எஸ். மருந்தும், 1952ஆம் ஆண்டு பயனுக்கு வந்த ஐசோனியாசிடும் இந்தக் கூட்டுச் சிகிச்சைக்கு வழிவகுத்தன. ஐசோனியாசிட் விலை மலிவானது, வாய்வழியே விழுங்கக்கூடியது. ஊசி போடச் செவிலியர் தேவையில்லை என்றால் மருத்துவமனையும் தேவையா என்ற கேள்வி இங்குதான் எழுந்தது.

சேத்துப்பட்டில் ஓர் ஆய்வு

1956ஆம் ஆண்டு சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரித்தானிய மருத்துவ ஆய்வுக் கழகம் ஆகிய நான்கும் இதில் பங்குகொண்டன. பிரித்தானிய மருத்துவர் வாலஸ் ஃபாக்ஸ் முதல் ஐந்து ஆண்டுகள் இதனை வழிநடத்தினார். இந்திய மருத்துவர்கள், நுண்ணுயிரியலாளர்கள், புள்ளியியலாளர்கள், வீடுவீடாகச் செல்லும் சுகாதாரப் பணியாளர்கள் ஆகியோர் அவருடன் பணியாற்றினர்.

ஆய்வின் கேள்வி எளிமையானது. ஒரே மருந்தை ஓராண்டு உண்ணும் இருவரில், ஒருவர் சானடோரியத்தில் இருந்தும் மற்றவர் தம் குடிசையில் இருந்தும் சிகிச்சை பெற்றால், யார் நலமடைவார்?

இக்கேள்வியின் பின்னால் இரு பெரும் அச்சங்கள் இருந்தன. முதலாவது, நோயாளியைப் பற்றியது. சென்னை நகரின் ஏழைக் குடும்பங்களில் ஓர் அறையில் பலர் வாழ்ந்தனர். அரைவயிற்று உணவு, ஓய்வில்லாத உழைப்பு. இந்நிலையில் மருந்து வேலை செய்யுமா? இரண்டாவது, குடும்பத்தைப் பற்றியது. இருமும் தாயை வீட்டிலேயே வைத்திருந்தால் அவள் பிள்ளைகளின் கதி என்ன? நோயாளியைப் பிரித்து வைப்பதே மற்றவர்களைக் காக்கும் வழி என்பது அன்றைய மருத்துவ உலகின் பொதுக்கருத்து.

சளியில் கிருமி உள்ள 193 நோயாளிகள் ஆய்வில் சேர்க்கப்பட்டனர். தற்போக்கு முறையில் அவர்கள் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டு, ஒரு பிரிவினர் சானடோரியத்திற்கும் மறு பிரிவினர் தம் வீடுகளுக்கும் அனுப்பப்பட்டனர். இரு பிரிவினருக்கும் ஐசோனியாசிடும் பி.ஏ.எஸ்.உம் ஓராண்டு தரப்பட்டன. சளிப் பரிசோதனையும் எக்ஸ்ரே படமும் இரு பிரிவினருக்கும் குறித்த காலத்தில் எடுக்கப்பட்டன.

1959ஆம் ஆண்டு வெளியான முடிவு மருத்துவ உலகை வியக்க வைத்தது. ஓராண்டு இறுதியில் சானடோரியப் பிரிவில் 92 விழுக்காட்டினரும், வீட்டுப் பிரிவில் 86 விழுக்காட்டினரும் சளியில் கிருமி நீங்கிய நிலையை அடைந்திருந்தனர். சானடோரியத்தில் இருந்தோர் நல்ல உணவும் மிகுந்த ஓய்வும் பெற்றனர். அவர்களின் உடல் எடையும் கூடுதலாக ஏறியது. வீட்டில் இருந்தோர் குறைந்த உணவுடன், நெருக்கடியான இடத்தில், வேலையும் செய்துகொண்டு இருந்தனர். இவ்வளவு வேறுபாடு இருந்தும் நோய் நீங்குவதில் இருந்த வேறுபாடு சிறிதே.

குடும்பத்தாரைப் பற்றிய அச்சத்திற்கும் விடை கிடைத்தது. நோயாளிகளுடன் வாழ்ந்தவர்கள் ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனிக்கப்பட்டனர். வீட்டில் சிகிச்சை பெற்றவர்களின் குடும்பத்தினரிடம் நோய் கூடுதலாகக் காணப்படவில்லை. இதன் காரணம் பின்னர் தெளிவாயிற்று. நோய் கண்டறியப்படும் முன்பே, பல மாதங்கள் இருமிக்கொண்டிருந்த காலத்திலேயே வீட்டாருக்குத் தொற்று ஏற்பட்டுவிடுகிறது. மருந்து தொடங்கியபின் நோயாளியிடமிருந்து பரவும் கிருமி விரைவில் குறைந்துவிடுகிறது. ஆகவே, குடும்பத்தைக் காப்பது நோயாளியை வெளியே அனுப்புவதன்று. நோயை விரைவில் கண்டறிந்து மருந்து தொடங்குவதே.

மருந்தை உண்பது யார் பொறுப்பு?

இந்த வெற்றி தானாக வந்ததன்று. பி.ஏ.எஸ். நாள்தோறும் பல கிராம் அளவில் உண்ண வேண்டிய மருந்து. குமட்டலும் வயிற்றுக்கோளாறும் உண்டாக்குவது. நோயாளி ஓரிரு மாதங்களில் நலமாக உணரத் தொடங்கியதும் மருந்தை நிறுத்திவிடுவது இயல்பு. எனவே மையத்தின் பணியாளர்கள் முன்னறிவிப்பின்றி வீடுகளுக்குச் சென்றனர். எஞ்சிய மாத்திரைகளை எண்ணினர். சிறுநீரில் மருந்து வெளிப்படுகிறதா என்று சோதித்தனர். மருந்து வாங்க வராதவரைத் தேடிச் சென்றனர்.

இதிலிருந்து கிடைத்த பாடம் பெரிது. மருந்தை நோயாளியின் கையில் கொடுத்துவிட்டால் போதாது. அவர் உண்பதை உறுதிசெய்யும் ஏற்பாடும் சிகிச்சையின் ஒரு பகுதி. அடுத்த கட்டமாக, வாரத்திற்கு இருமுறை மட்டும் மையத்திற்கு வந்து, பணியாளரின் கண்ணெதிரில் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும் கூடுதல் அளவு ஐசோனியாசிடும் பெறும் முறை சென்னையில் சோதிக்கப்பட்டது. 1964ஆம் ஆண்டு வெளியான அதன் முடிவுகள், நாள்தோறும் மருந்து உண்பதற்கு இம்முறை குறைந்ததன்று என்று காட்டின. நேரடிக் கண்காணிப்பில் மருந்து வழங்குதல் என்று பின்னாளில் உலகெங்கும் பரவிய முறையின் வேர்களுள் ஒன்று இதுவே.

உலகம் பெற்ற பயன்

1959ஆம் ஆண்டு பெங்களூரில் தேசியக் காசநோய் நிறுவனம் அமைக்கப்பட்டது. 1962ஆம் ஆண்டு தொடங்கிய தேசியக் காசநோய்த் திட்டம், வீட்டிலிருந்தே சிகிச்சை என்பதை அடிப்படையாகக் கொண்டது. மாவட்ட மருத்துவமனைகளும் ஆரம்ப சுகாதார நிலையங்களும் மருந்து வழங்கும் இடங்கள் ஆயின. படுக்கைகளுக்காகக் காத்திருந்து இறக்கும் நிலை மாறத் தொடங்கியது. செல்வ நாடுகளும் தங்கள் சானடோரியங்களைப் படிப்படியாக மூடின அல்லது வேறு பயன்பாட்டிற்கு மாற்றின. தாம்பரம் சானடோரியம் இன்று அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையாக இயங்குகிறது.

ரிஃபாம்பிசின் என்ற ஆற்றல்மிக்க மருந்து வந்தபின், 1970களில் கிழக்கு ஆப்பிரிக்காவிலும் பிற இடங்களிலும் நடந்த ஆய்வுகள் சிகிச்சைக் காலத்தை ஆறு மாதமாகக் குறைக்க வழிகாட்டின. அவற்றிலும் வாலஸ் ஃபாக்ஸின் பங்கு பெரிது. சேத்துப்பட்டு மையம் காசநோய் ஆராய்ச்சி மையம் என்று பெயர் பெற்று, 2011ஆம் ஆண்டு முதல் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்று வழங்கப்படுகிறது.

தமிழகம் அளித்த பாடங்கள் எல்லாம் இனிய முடிவுகள் அல்ல. பி.சி.ஜி. தடுப்பூசியைப் பெருந்திரளாகப் போடுவதை 1955ஆம் ஆண்டு இராஜாஜி கடுமையாக எதிர்த்தார். அத்தடுப்பூசியின் பயனை அளவிட, செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968ஆம் ஆண்டு மிகப் பெரிய ஆய்வு ஒன்று தொடங்கியது. பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அத்தடுப்பூசி அங்கு தடுக்கவில்லை என்பதே அதன் முடிவு. குழந்தைகளைக் கடுமையான காசநோய் வகைகளிலிருந்து அது காப்பதால் இன்றும் பிறந்தவுடன் போடப்படுகிறது.

உணவு பற்றிய மறுசிந்தனை

சென்னை ஆய்வின் ஒரு முடிவு பிற்காலத்தில் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது. வீட்டு நோயாளிகளின் உணவை ஆராய்ந்த மருத்துவர் சி.வி. இராமகிருஷ்ணனும் குழுவினரும், உணவுக் குறைவு மருந்தின் வெற்றியைப் பெரிதும் தடுக்கவில்லை என்று 1961ஆம் ஆண்டு எழுதினர். முறையாக மருந்து உண்டவர்களின் சளியில் கிருமி நீங்கியதா என்பதற்கான விடை அது. காசநோய்க்கு உணவு முக்கியமன்று என்ற பொருள் அதில் இல்லை. ஆனால் மருந்து மலிவு, உணவு செலவு. எனவே திட்டங்களில் மருந்து இடம்பெற்றது. உணவு நெடுங்காலம் ஓரத்தில் நின்றது.

அந்த ஏழைக் குடும்பங்களில் நோய் ஏன் முதலில் தோன்றியது என்ற கேள்விக்கு மாத்திரை விடையாகாது. சார்க்கண்டு மாநிலத்தில் நடந்து 2023ஆம் ஆண்டு வெளியான ஆய்வு ஒன்று இதனைத் தெளிவாகக் காட்டியது. நோயாளியின் குடும்பத்தினருக்குக் கூடுதல் உணவு வழங்கியபோது, அவர்களுக்குக் காசநோய் வருவது 39 விழுக்காடு குறைந்தது. 2018ஆம் ஆண்டு முதல் இந்திய அரசு நோயாளிகளுக்கு உணவுக்கென மாதம் 500 ரூபாய் வழங்கத் தொடங்கியது. பின்னர் அத்தொகை உயர்த்தப்பட்டது. 2022ஆம் ஆண்டு தமிழ்நாடு தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம், நோய் கண்டறியப்பட்டவுடன் ஒவ்வொருவரின் உடல் எடை, இரத்தத்தில் உள்ள ஆக்சிசன் அளவு, துணையின்றி எழுந்து நிற்கும் ஆற்றல் ஆகியவற்றைப் பார்க்கிறது. மிகவும் தளர்ந்தவர்களை மருத்துவமனையில் சேர்த்துக் கவனிக்கிறது. வீடு பெரும்பாலோருக்குப் போதும். சிலருக்குப் படுக்கை கட்டாயம் தேவை என்பதை இத்திட்டம் ஏற்கிறது.

முடிவுரை

உலகின் காசநோயாளிகளுள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் இன்றும் இந்தியாவில் உள்ளனர். மருந்துக்கு அடங்காத காசநோய் புதிய சிக்கலாக வளர்ந்துள்ளது. இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல் நீடித்தால் சளிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்பதும், மருந்தை இடையில் நிறுத்தக்கூடாது என்பதும் இன்றும் சொல்லப்படும் அறிவுரைகள். இவை வெறும் விளம்பர வாசகங்கள் அல்ல. சென்னையின் ஓரறை வீடுகளில் கசப்பான மருந்தை ஓராண்டு விழுங்கி, ஐந்து ஆண்டுகள் பரிசோதனைக்கு உடன்பட்ட குடும்பங்களின் வழியாக உலகம் கற்றுக்கொண்டவை.

அவர்களின் பெயர்கள் ஆய்வுக் கட்டுரைகளில் இல்லை. அவர்கள் 193 என்ற எண்ணாகவே நிற்கின்றனர். ஏழையின் வீட்டிலும் நோய் தீரும் என்பதற்கு அவர்கள் சான்றாயினர். அதனால் பிற நாடுகளிலும் ஏழை நோயாளிகள் தம் பிள்ளைகளைப் பிரியாமல் நலம்பெற முடிந்தது. தாம்பரம் சானடோரியம் என்ற நிலையப் பெயரை அடுத்த முறை கேட்கும்போது, அந்த மாற்றம் இந்நகரில் நடந்ததை மாணவர்கள் நினைவுகொள்ளலாம்.